நகர வளர்ச்சியும் பொருளாதார முன்னேற்றமும்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

(பி.எஸ்ஸி., கணிதம், இரண்டாம் ஆண்டு)

முன்னுரை

ஒரு நாட்டில் நகரங்களில் வாழ்வோர் தொகை பெருகப் பெருக, அந்நாட்டின் செல்வமும் பெருகும் என்பது பொருளியல் நூல்கள் பலவும் ஒப்புக்கொள்ளும் செய்தியாகும். உலக நாடுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இது பெரும்பாலும் உண்மையாகவே தோன்றுகிறது. தொழிற்புரட்சியின் தாயகமான இங்கிலாந்தில் 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே மக்களில் பாதிப்பேர் நகரவாசிகளாகிவிட்டனர். நம் நாட்டிலும் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே வாழும் நகரங்களிலிருந்து நாட்டு வருமானத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கு வருகிறது. ஆகவே நகரம் வளர்ந்தால் நாடு வளரும் என்று முடிவு கட்டிவிடுவது எளிது.

ஆனால் நமது மாவட்டம் அந்த முடிவின் குறுக்கே நிற்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி விருதுநகர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 50.5 விழுக்காட்டினர் நகரப் பகுதிகளில் வாழ்ந்தனர். அப்போது தமிழ்நாட்டின் சராசரி 48.4 விழுக்காடு, இந்தியாவின் சராசரி 31.2 விழுக்காடு. இக்கணக்கின்படி நம் மாவட்டம் மாநிலத்தின் முன்னணியில் அல்லவா நிற்க வேண்டும்? ஆனால் 2018ஆம் ஆண்டில் நிதி ஆயோக் நாடெங்கும் பின்தங்கிய பகுதிகளைத் தேர்ந்தெடுத்து ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று பெயரிட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்றவை இரண்டே மாவட்டங்கள். ஒன்று இராமநாதபுரம், மற்றொன்று விருதுநகர்.

பாதிக்குமேல் நகரமாகிவிட்ட ஒரு மாவட்டம் பின்தங்கிய மாவட்டமாகவும் இருப்பது எவ்வாறு? ஒரு சூத்திரம் ஒரு விடையையும், கண்முன் உள்ள உண்மை வேறொரு விடையையும் தருமானால், சூத்திரத்தில் விடுபட்டுப்போன உறுப்பு எது என்று தேடுவதே கணிதம் பயில்வோர் வழக்கம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களை எடுத்துக்கொண்டு அந்த உறுப்பைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரம் என்பது எது?

முதலில் நகரம் என்ற சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இந்தியக் கணக்கெடுப்புத் துறை இரண்டு வகை ஊர்களை நகரம் என்கிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று சட்டப்படி அறிவிக்கப்பட்டவை முதல் வகை. அவ்வாறு அறிவிக்கப்படாவிடினும் மூன்று தகுதிகள் அமையப்பெற்ற ஊர்கள் இரண்டாம் வகை. அங்கே குறைந்தது 5,000 பேர் வாழவேண்டும். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்கவேண்டும். உழைக்கும் ஆண்களில் 75 விழுக்காட்டினராவது உழவு அல்லாத தொழில்களில் ஈடுபட்டிருக்கவேண்டும். இவற்றைக் ‘கணக்கெடுப்பு நகரங்கள்’ என்பர். 2001இல் இந்தியாவில் 1,362ஆக இருந்த இவ்வகை ஊர்கள் 2011இல் ஏறத்தாழ 3,900 ஆயின.

இந்த மூன்றாவது தகுதியைச் சற்று ஊன்றி நோக்கவேண்டும். ஓர் ஊரில் ஆலையும் கடைவீதியும் பெருகி, உழவரின் மக்கள் நல்ல வேலைக்கு மாறினால் அத்தகுதி நிறைவேறும். மழை பொய்த்து, நிலம் தரிசாகி, ஆண்கள் கொத்து வேலைக்கும் சுமை தூக்கும் வேலைக்கும் போனாலும் அதே தகுதி நிறைவேறிவிடும். முன்னேறியதாலும் ஓர் ஊர் நகரமாகலாம். உழவு ஒழிந்ததாலும் நகரமாகலாம். கணக்கேடு இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதுகிறது. நகர மக்கள் விழுக்காடு என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு முன்னேற்றத்தை அளக்க முடியாது என்பதற்கு இதுவே முதற்காரணம்.

கரிசல் ஈன்ற நகரங்கள்

ஆற்றுப் பாசனத்தால் விளைச்சல் மிகுந்து, அந்த மிகுதியால் வணிகம் பெருகி, வணிகத்தால் நகரம் எழும் என்பது நாம் பள்ளியில் படித்த வரலாறு. காவிரிக் கரைக்கு அது பொருந்தும். நம் பகுதியின் வரலாறோ இதற்கு நேர்மாறானது. இங்கே நகரங்களை ஈன்றது வளமன்று, வறட்சியே.

நம் மாவட்டத்தின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 830 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்வது. குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். கண்மாய் நிறைந்தால் கொஞ்சம் நெல். மற்றபடி வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் கரிசலில் பருத்தியும் சோளமும் கம்பும் குதிரைவாலியும் உளுந்தும் மல்லியும் விதைப்பார்கள். தையிலும் மாசியிலும் தவசம் வீடு வரும். பருத்தி எடுப்பு பங்குனி வரை நீளும். அதன்பின் அடுத்த விதைப்பு வரை ஏறத்தாழ ஆறு மாதம் நிலத்தில் பெரிதாக வேலை இல்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது ஆற்றுப்பாசன ஊர்களிலேயே வழங்கும் சொல். கரிசலில் அந்த உழக்கை வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டவேண்டும்.

அந்த ஆறு மாத வெற்றிடத்தை நிரப்பும் தேவையிலிருந்தே நம் வட்டாரத்துத் தொழில்கள் வலுப்பெற்றன எனலாம். கையருகே பருத்தி இருந்தது. வேலையற்ற கைகளும் இருந்தன. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அந்நாட்டுப் பருத்தி வருவது தடைப்பட்டு, நம் கரிசல் பருத்திக்குக் கிராக்கி ஏறிற்று. தூத்துக்குடித் துறைமுகத்தை நோக்கிப் பருத்தி வண்டிகள் போயின. 1876இல் தூத்துக்குடி, மதுரை இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது அப்பாதையில் அமைந்த விருதுபட்டி, அதாவது இன்றைய விருதுநகர், பெருஞ்சந்தையாக உயர்ந்தது.

இம்மாவட்டத்தின் பிற நகரங்களும் இதே வழியில் எழுந்தவையே. சிவகாசியின் வறண்ட காற்று நெல்லுக்கு உதவாது. தீக்குச்சி உலர்வதற்கு உதவும். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து அடுத்த ஆண்டே இங்கு தொடங்கினர். 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராஜபாளையத்தில் நூற்பாலை நிறுவினார். அருப்புக்கோட்டையில் கைத்தறி நெசவும், பருத்தி, தானிய வணிகமும், பின்னர் நூற்பாலைகளும் நிலைத்தன. ‘அரும்புக்கோட்டை’ என்பதே அருப்புக்கோட்டை ஆயிற்று என்று ஊரார் கூறும் அளவுக்கு மல்லிகை அரும்பின் வணிகமும் இங்குண்டு.

தறியும் சந்தையும் பள்ளியும்

ஒரு நகரம் தன் சுற்றுப்புறத்துக்குச் செய்யக்கூடிய உதவிகள் மூன்று. வேலை தருவது ஒன்று. விளைபொருளுக்கு விலை தருவது மற்றொன்று. அறிவு தருவது மூன்றாவது. அருப்புக்கோட்டை இம்மூன்றையும் தன்னால் இயன்ற அளவு செய்தது.

வேலையை எடுத்துக்கொள்வோம். கைத்தறி ஒன்று ஓடவேண்டுமானால் நெய்பவர் ஒருவர் மட்டும் போதாது. நூலுக்குச் சாயம் ஏற்ற ஒருவர். தார் சுற்ற ஒருவர். தெருவில் பாவை விரித்துக் கஞ்சி போட்டு நீவப் பலர். நெய்த சேலையை மடித்து விற்க ஒருவர். ஒரு தறியின் கூலி இவ்வாறு பல வீடுகளின் உலையில் அரிசியாகிறது. வயதானவர்களும், வெளியே வேலைக்குப் போக இயலாத பெண்களும் வீட்டிலிருந்தபடியே பங்குபெற முடிந்த தொழில் அது.

சந்தையின் பணியும் சிறிதன்று. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கத்து உழவன் தன் மிளகாயையும் மல்லியையும் உளுந்தையும் வண்டியேற்றிக் கொண்டுவந்து அன்றே காசாக்க ஓர் இடம் வேண்டும். சந்தை தொலைவில் இருந்தால் இடைத்தரகர் சொன்னதே விலை. அருகில் இருந்தால் உழவனுக்கு இன்னொரு கடைக்குப் போய்க் கேட்கும் துணிவு பிறக்கும்.

மூன்றாவதாகிய அறிவுப் பணி, நம் பகுதி நகரங்களின் தனிச்சிறப்பு எனலாம். விருதுநகர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, சிவகாசி முதலிய ஊர்களில் நாடார் உறவின்முறையைச் சேர்ந்த வணிகர்கள் தம் வணிகத்தில் ஒரு சிறு பங்கை ‘மகமை’ என்ற பெயரில் பொதுநிதிக்குச் செலுத்தினர். விருதுநகரில் வீடுதோறும் பிடியரிசி திரட்டியும் பள்ளிக்கு உதவினர். அங்கே 1889இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை பிற்காலத்தில் காமராசர் படித்த பள்ளியாயிற்று. அருப்புக்கோட்டையில் 1970இல் சைவ பானு சத்திரியக் கல்லூரி நிறுவப்பட்டது. பருத்தி மூட்டையில் தொடங்கிய காசு பள்ளிக்கூடச் சுவராக மாறிய வழி இதுதான். நகரத்தின் இலாபம் அவ்வூரிலேயே தங்கி, அடுத்த தலைமுறையின் கல்வியாக மாறும்போது நகர வளர்ச்சி பொருளாதார முன்னேற்றமாக மலர்கிறது.

ஒரு சிறு கணக்கு

இனி எண்களைப் பார்ப்போம். அருப்புக்கோட்டை நகராட்சியின் மக்கள்தொகை 2001இல் ஏறத்தாழ 84,000, 2011இல் 87,722. பத்தாண்டு வளர்ச்சி நான்கு விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. அதே பத்தாண்டில் தமிழ்நாட்டு நகர மக்கள்தொகை ஏறத்தாழ 27 விழுக்காடும், மாநிலத்தின் மொத்த மக்கள்தொகை 15.6 விழுக்காடும் வளர்ந்தன. ஊரில் பிறந்தவர் தொகையிலிருந்து இறந்தவர் தொகையைக் கழித்தாலே நான்கு விழுக்காட்டுக்கு மேல் வரவேண்டும். அவ்வாறாயின் அருப்புக்கோட்டைக்குக் குடிவந்தவர்களைவிட அதனை விட்டுக் குடிபெயர்ந்தவர்களே அதிகம் என்பது பெறப்படும். நகராட்சி எல்லைக்கு வெளியே பாளையம்பட்டிப் பக்கம் வீடுகள் பெருகியதையும் கணக்கில் கொள்ளவேண்டும். எனினும் பெரிய ஈர்ப்புடைய நகரத்தின் கணக்கு இதுவன்று.

மாவட்டத்தை நோக்கின் படம் இன்னும் தெளிவாகும். 2001இல் 17,51,301ஆக இருந்த மாவட்ட மக்கள்தொகை 2011இல் 19,42,288 ஆயிற்று. நகர மக்கள் ஏறத்தாழ 7 இலட்சத்து 77 ஆயிரத்திலிருந்து 9 இலட்சத்து 80 ஆயிரமாயினர். இது 26 விழுக்காடு ஏற்றம். கிராம மக்களோ ஏறத்தாழ 9 இலட்சத்து 74 ஆயிரத்திலிருந்து 9 இலட்சத்து 62 ஆயிரமாகக் குறைந்தனர். நகர மக்களின் ஏற்றத்தில் ஒரு பகுதி, கிராமமாக இருந்த ஊர்கள் கணக்கேட்டில் நகரமெனப் பெயர் மாறியதால் வந்தது. ஆக, ‘மாவட்டத்தில் பாதி நகரம்’ என்ற வாக்கியத்துக்குள் தொழிலால் வளர்ந்த ஊரும் இருக்கிறது. பெயர் மாறிய ஊரும் இருக்கிறது. பழைய தொழில் தளர்ந்து நின்றுவிட்ட ஊரும் இருக்கிறது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனமையால், நமக்குக் கிடைத்துள்ள முழுமையான எண்கள் இவையே.

அருப்புக்கோட்டையின் தளர்ச்சிக்குக் காரணங்களைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. கைத்தறியின் இடத்தில் விசைத்தறி வந்தது. பல கைகள் செய்த வேலையை ஒரு கை செய்கிறது. இருப்புப்பாதையும் காலந்தாழ்த்தே வந்தது. விருதுநகருக்கு 1876இல் வந்த இரயில் அருப்புக்கோட்டைக்கு 1960களில்தான் வந்தது. அப்பாதை அகலப்பாதையானது 2013இல். எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர். இந்நகரம் குடிப்பதற்கு வைகையையும் தாமிரபரணியையும் எதிர்பார்த்திருக்கிறது. சொந்த நீர் இல்லாத ஊரில் நீர் குடிக்கும் தொழில் எதுவும் எளிதில் காலூன்றாது.

திருச்சுழி கற்பிக்கும் பாடம்

அருப்புக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் குண்டாற்றங்கரையில் உள்ளது திருச்சுழி. பாடல் பெற்ற பழம்பதி. இரமண மகரிஷி 1879இல் பிறந்த ஊர். அவருடைய தந்தையார் அவ்வூர் நீதிமன்றத்தில் வழக்காடுபவராகப் பணியாற்றினார் என்பதிலிருந்து, அக்காலத்திலேயே அது அலுவலகங்கள் உடைய ஊர் என்பது விளங்கும். இன்று வட்டத் தலைநகர். இரயில் நிலையமும் உண்டு. 2011 தேர்தல் முதல் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கும் அதுவே பெயர். இத்தனை இருந்தும் அது ஊராட்சி நிலையிலிருந்து நகராட்சி நிலைக்கு உயரவில்லை.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? அலுவலகங்கள் மனுக் கொடுக்க வருவோரைக் கூட்டும். அவர்கள் டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவர். புகழும் நகரத்தை ஆக்குவதில்லை. 1977இல் எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதலமைச்சரானார். நாடே அவ்வூரின் பெயரை அறிந்தது. ஆயினும் பெயர் அறியப்படுவது வேறு, தறி ஓடுவது வேறு. ஒரு பொருளைச் செய்து வெளியூருக்கு விற்று, அக்காசை உள்ளூரில் சுழலவிடும் ஊரே நகரமாக நிலைக்கிறது.

திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கிராமங்கள் வெளியூருக்கு விற்கும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் கரி. தரிசாகிப்போன நிலங்களைச் சீமைக் கருவேலம் மூடிக்கொண்டது. அதை வெட்டி மூட்டம் போட்டு, புகையோடு நாட்கணக்கில் காவலிருந்து எடுத்த கரி மூட்டைகளாக லாரியேறி நகரங்களுக்குப் போகிறது. உழவு செத்த இடத்தில் முளைத்த தொழில் இது. கரியை மூட்டையாகவே அனுப்புகிறோம்; மல்லியையும் மிளகாயையும் அவ்வாறே மூட்டையாக அனுப்புகிறோம். அவை பொடியாகவும் பொட்டலமாகவும் மாறி இலாபம் காண்பது வேறு ஊர்களில்.

நம் மக்கள் வேற்றூரில் நகரவாசிகளாதல்

நம் ஊர் நகரமாகவில்லை. ஆனால் நம் மக்கள் நகரவாசிகளாகிக்கொண்டிருக்கிறார்கள். எங்கே? திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் மதுரையிலும், கடல் கடந்து வளைகுடா நாடுகளிலும். பின்னலாடைக் கம்பெனியின் கூலியில் ஒரு பகுதி மாதந்தோறும் ஊருக்கு வருகிறது. பொங்கலுக்கும் குலதெய்வக் கொடைக்கும் ஊர் நிறைகிறது. மறுவாரம் கதவுகள் பூட்டப்படுகின்றன.

இப்பெயர்ச்சியைப் பொருளியலார் இருவகையில் விளக்கினர். ஆர்தர் லூயிஸ் 1954இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், உழவில் மிகுதியாக உள்ள உழைப்பாளரைத் தொழில்துறை ஈர்த்துக்கொள்ளும், அதனால் நாடு வளரும் என்றார். அவருக்கு 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆப்பிரிக்க நகரங்களைக் கண்ட ஹாரிஸ், டொடாரோ இருவரும் 1970இல் வேறொன்றைச் சுட்டிக்காட்டினர். நகரில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையே மக்களை இழுக்கிறது. ஆகவே வேலையின்மை இருக்கும்போதும் கூட்டம் சேரும் என்பது அவர்கள் வாதம். முன்னவர் கூறியது வேலை இழுப்பது. பின்னவர்கள் கூறியது நம்பிக்கை இழுப்பது. நம் வட்டாரத்தில் மூன்றாவது ஒன்றும் உண்டு. அது மழை தள்ளுவது. இழுக்கப்பட்டுப் போகிறவன் கூலி பேசிவிட்டுப் போவான். தள்ளப்பட்டுப் போகிறவன் கிடைத்த கூலிக்கு இசைவான்.

வெளியூர் சென்றோரைக் குறைகூறல் நன்றன்று. அவர்கள் அனுப்பிய காசில்தான் ஓடு வேய்ந்த வீடு மச்சுவீடானது. தங்கையின் திருமணம் நடந்தது. தம்பி கல்லூரிக்கு வந்தான். ஆனால் ஊரின் கணக்கில் ஒரு குறை நேர்கிறது. உழைப்பின் பயனாய் எழும் ஆலை, கடை, வரிப்பணம், மகமை ஆகிய யாவும் உழைப்பு நடந்த ஊரிலேயே தங்கிவிடுகின்றன. இங்கு வருவது கூலியின் மிச்சம் மட்டுமே. அது வீட்டைக் கட்டும், பள்ளியைக் கட்டாது.

போய்வரக்கூடிய நகரம்

கிராமத்தில் முடங்குவது, வெளியூருக்குக் குடிபெயர்வது என்னும் இரண்டு வழிகளுக்கும் இடையே மூன்றாவது ஒன்று இருக்கிறது. காலையில் போய் மாலையில் திரும்புவதே அது. 1980களில் சீன நாட்டில், நிலத்தை விட்டாலும் ஊரை விடவேண்டாம் என்ற கருத்தை முன்வைத்துச் சிற்றூர்த் தொழில்களை வளர்த்தார்கள். கோடிக்கணக்கான உழவர்கள் தம் ஊர்ப்புறத்திலேயே தொழிலாளரானார்கள்.

நம் பக்கத்தில் இவ்வழி முன்னமே உண்டு. விடியற்காலையில் மில் வேன் கிராமத்துக்கு வந்து பெண்களை ஏற்றிச் செல்கிறது. வேலை முறை முடிந்ததும் கொண்டுவந்து விடுகிறது. இதனால் சொந்த வீட்டுச் சோறும், ஆடு கோழியும், முதியோர் துணையும் அற்றுப்போவதில்லை. கூலி முழுவதும் கிராமத்துக் கடையில் செலவாகிறது.

ஆயினும் வேன் வந்துவிட்டால் முன்னேற்றம் வந்துவிட்டது என்று கொள்ளலாகாது. சிவகாசிப் பகுதியில் அதே விடியற்காலையில் அதே போன்ற வண்டிகள் பல ஆண்டுகள் குழந்தைகளை ஏற்றிச் சென்றன. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலின் வளர்ச்சியால் பெருகிய நகரம் சுற்றுக் கிராமங்களின் பள்ளிப் பருவத்தைத் தின்றது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. நகரத்தின் புள்ளிவிவரத்தில் அந்தக் குழந்தையின் கூலியும் ‘வளர்ச்சி’ என்றே பதிவாகியிருக்கும். ஆகவே நகரம் எத்தனை பேருக்கு வேலை தருகிறது என்று மட்டும் கேட்டால் போதாது. யாருக்குத் தருகிறது, அவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டு தருகிறது என்றும் கேட்கவேண்டும்.

கல்விக்கும் இப்போய்வரவே வழி. என் வீட்டில் பட்டப்படிப்புக்கு வந்தவரில் நானே முதல்வன். மதுரையில் விடுதிக் கட்டணம் செலுத்திப் படிக்கும் நிலை வந்திருந்தால் என் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்திருக்கும். டவுன் பஸ் எட்டும் தூரத்தில் ஒரு அரசுக் கல்லூரி இருந்தமையால் இக்கட்டுரையை எழுதுகிறேன். என் வகுப்பில் பெரும்பாலோர் நிலையும் இதுவே. 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியபோது, கல்லூரிக்கு வரும் தங்கைக்கும் மில்லுக்குப் போகும் அக்காளுக்கும் அது கூலி உயர்வு போலாயிற்று. பேருந்துக் கட்டணம் என்பது கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையே உள்ள சுங்கச்சாவடி என்பதை அன்றாடம் போய்வருவோர் அறிவர்.

செய்யத்தக்கவை

இவற்றிலிருந்து நம் வட்டாரத்துக்குச் செய்யத்தக்கவை சில எனக்குத் தோன்றுகின்றன. முதலாவது, விளைபொருளை மூட்டையாக அனுப்பாமல் இங்கேயே பக்குவப்படுத்தும் சிறு தொழில்கள் திருச்சுழி, நரிக்குடியில் எழவேண்டும். மல்லியும் மிளகாயும் அரைக்கும் ஆலை, பயறு உடைக்கும் ஆலை, குதிரைவாலியை அரிசியாக்கும் எந்திரம் ஆகியவற்றுக்குப் பெருநகரம் தேவையில்லை; தண்ணீரும் அதிகம் வேண்டா. அருப்புக்கோட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களை ஆராய்கிறது. அதன் பயன் விதையோடு நில்லாமல் ஆலை வரை வரவேண்டும்.

இரண்டாவது, பேருந்தும் இரயிலும் வேலை நேரத்தோடும் கல்லூரி நேரத்தோடும் பொருந்தி ஓடவேண்டும். மதுரை, தூத்துக்குடி நான்குவழிச் சாலை நம் ஊர் ஓரமாகச் செல்கிறது. ஆனால் அச்சாலையில் விரையும் கொள்கலன் லாரியைவிட, நரிக்குடியிலிருந்து மாலை ஏழு மணிக்குமேல் ஒரு பேருந்து கிடைப்பதே இங்குள்ள பெண்ணுக்குப் பயன் மிகுந்தது.

மூன்றாவது, கண்மாய்களைத் தூர்வாரி வரத்துக்கால்களைக் காத்தல். உழவு அடியோடு சாய்ந்தபின் எழும் நகரம் மலிவான கூலியாட்களின் முகாமாகவே இருக்கும். உழவு ஓரளவு நிற்கும்போது எழும் நகரத்தில்தான் தொழிலாளிக்கு, ‘இந்தக் கூலி கட்டாது’ என்று சொல்லும் வலு இருக்கும்.

நான்காவது, பெருந்தொழில் வரும்போது அதன் அமைப்பு முறையைக் கவனித்தல். 2023இல் நம் மாவட்டத்து இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பெரும் ஜவுளிப் பூங்கா அமைப்பதற்கான அறிவிப்பு வெளிவந்தது. அத்தகைய பூங்கா, தொலைவிலிருந்து இளம் பெண்களைக் கொணர்ந்து விடுதிகளில் அடைத்து வேலை வாங்குமானால் மாவட்ட உற்பத்தி ஏறும், ஊர்கள் மாறா. சுற்றுக் கிராமத்தார் போய்வந்து வேலை பார்க்கும் வண்ணம் அமையுமானால், அன்று தறி செய்ததை இன்று அது செய்யும்.

முடிவுரை

தொடக்கத்தில் தேடப் புறப்பட்ட உறுப்பு இப்போது கிடைத்துவிட்டது என்றே கருதுகிறேன். நகர மக்களின் விழுக்காடு முன்னேற்றத்தின் அளவுகோல் அன்று. நகரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் இடையே நாள்தோறும் நிகழும் கொடுக்கல் வாங்கலே அந்த விடுபட்ட உறுப்பு. வேலையும் விலையும் கல்வியும் கிராமத்துக்குத் திரும்பி வந்தால் சிறிய நகரமும் முன்னேற்றம் தரும். ஆளும் விளைபொருளும் ஒருவழியாகப் போய்க்கொண்டேயிருந்தால், மாவட்டம் முழுவதும் நகரமானாலும் பின்தங்கியோர் பட்டியலில் பெயர் நீடிக்கும்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027இல் நடைபெறும் என்று 2025ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அந்த எண்கள் வெளிவரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் கல்லூரியில் இந்த வட்டாரத்தின் பெரும்பாலான ஊர்களிலிருந்தும் மாணவர் வருகின்றனர். ஒவ்வொருவரும் தம் தெருவில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது, எத்தனை பேர் நாள்தோறும் போய்வருகின்றனர், எத்தனை பேர் பொங்கலுக்கு மட்டும் வருகின்றனர் என்று ஒரு விடுமுறையில் எழுதிக்கொண்டு வந்தால் போதும். ஆசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால், எந்த அரசு ஏட்டிலும் இல்லாத ஒரு கணக்கு அடுத்த ஆண்டு மலரில் இடம்பெறும். பட்டம் பெற்றபின் நாமும் அக்கணக்கின் ஏதேனும் ஒரு கட்டத்தில் எழுதப்படப் போகிறவர்களே. எந்தக் கட்டத்தில் என்பதை மழையும் பேருந்தும் மட்டுமே முடிவு செய்துவிடாதபடி, இப்போதே எண்ணத் தொடங்குவோம்.